கடல் இல்லாத ஊரில் ஒரு படகு மோட்டார்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரும் சாலையில் ஒரு காயலாங்கடை இருக்கிறது. பழைய டிராக்டர் ரேடியேட்டர், நசுங்கிய அண்டா, ரீவைண்டிங் பட்டறைகள் கழித்துப்போட்ட காப்பர் சுருள் என்று எப்போதும் மலையாகக் கிடக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், டேபிள் ஃபேனுக்கு ஒரு கூண்டு தேடி அங்கே போனேன். கூண்டு கிடைக்கவில்லை. குவியலுக்கு அடியிலிருந்து ஒரு நீளமான குழாய் துருத்திக்கொண்டிருந்தது. மேல் முனையில் பித்தளை டேங்க்கும் ஒற்றை சிலிண்டர் இன்ஜினும், கீழ் முனையில் அகலமான இதழ்கள் கொண்ட விசிறியும்.

“தண்ணி எறைக்கிற மோட்டாருங்க. கெணத்துல தலைகீழா விடுவாங்க” என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் இன்ஜின் என்றாலே தண்ணீர் இறைப்பதற்குத்தான். பித்தளைக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை என்று குத்துமதிப்பாகப் பிரித்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அழுக்கைத் துடைத்த பிறகுதான் டேங்க்கில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் மிச்சத்தைப் படிக்க முடிந்தது. பிரிட்டிஷ் சீகல். படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுகிற அவுட்போர்டு மோட்டார். கிராங்க் கேஸில் பொறித்திருந்த எண்ணின் கடைசி எழுத்து மாதத்தையும் அதையடுத்த இலக்கம் ஆண்டையும் குறிக்கும். அதன்படி 1960களின் நடுவில் பிறந்தது. எங்கள் அப்பாவைவிடச் சில வயது இளையது.

எங்கள் ஊரிலிருந்து கடற்கரைக்குப் போக எப்படியும் நூறு கிலோமீட்டர். ஆனால் அரியலூர்க்காரனிடம் கடல் இல்லை என்று சொன்னால் அவன் உடனே ஒரு நத்தைக்கல்லை எடுத்துக் காட்டுவான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலுக்கு அடியில் இருந்தது. காரைப் பக்கத்து ஓடைகளில் இன்றும் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் மழைக்குப் பிறகு மேலே வரும். பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இங்கே அலைந்து எழுதிய நிலவியல் அறிக்கை 1860களிலேயே வெளிவந்துவிட்டது. எங்கள் சிமெண்ட் ஆலைகள் அரைப்பதே அந்தக் கடலின் சிப்பிகளைத்தான். ஆகவே மோட்டார் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது, அவ்வளவுதான். வீட்டில் இந்த நகைச்சுவைக்கு யாரும் சிரிக்கவில்லை. அம்மா, “இதை எங்கடா வைக்கப் போற?” என்று மட்டும் கேட்டார்.

என் பெரியப்பா ஆயில் இன்ஜின் மெக்கானிக். மெக்கானிக்காக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். குன்னம் பக்கத்தில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிணற்று மேட்டில் ஓடிய பாதி இன்ஜின்களைத் திறந்து மூடியவர். அந்தக் காலத்தில் இரண்டு வகை இருந்ததாம். ஒன்று கருடாயில் இன்ஜின். ‘குரூட் ஆயில்’ நம் வாயில் கருடாயில் ஆன கதை தனி. கனமானது, மெதுவாகத் தட்டித் தட்டி ஓடும், நான்கு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். மற்றொன்று சின்ன மண்ணெண்ணெய் இன்ஜின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். தோளில் தூக்கிக்கொண்டு ஓடையிலிருந்து வயலுக்குப் போய்விடலாம். அதை எல்லோரும் வில்லியர்ஸ் என்றே சொன்னார்கள். எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் வில்லியர்ஸ்தான்.

விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. முதலில் சிறு விவசாயிகளுக்கு, 1990ஐ ஒட்டி எல்லோருக்கும். நிலத்தடி நீர் இறங்க இறங்க, கிணற்று மேட்டு இன்ஜின் போய் ஆழ்துளைக்குள் சப்மெர்சிபிள் வந்தது. பெரியப்பாவின் தொழில் பத்தே வருடத்தில் முடிந்தது. யாரும் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

மோட்டாரை வாசலில் சாய்த்து வைத்திருந்த அன்று சாயங்காலம் வந்தார். வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். குனிந்து, மேலேயிருந்த ஃபிளைவீலைக் கையால் தடவினார். விளிம்பைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தார். 

“இது வில்லியர்ஸ் மேக்னட்டுடா.”

“இல்ல பெரியப்பா, இது படகு மோட்டாரு. சீகல்னு வேற கம்பெனி.”

“கம்பெனி எதுவா வேணா இருக்கட்டும். இந்த மேக்னட்ட நான் நூறு தடவ கழட்டியிருக்கேன்.”

அன்று இரவு தேடிப் படித்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் என்று ஓர் ஊர். அங்கே ஜான் மார்ஸ்டன் என்பவர் சன்பீம் சைக்கிள் செய்துகொண்டிருந்தார். சைக்கிளுக்குப் பெடல் செய்வதற்காக 1898இல் ஒரு துணைக் கம்பெனி தொடங்கினார். அது இருந்த தெருவின் பெயர் வில்லியர்ஸ். பெடலில் தொடங்கியவர்கள் பிறகு சிறு இன்ஜின்களுக்கு வந்து, சுழலும் சக்கரத்துக்குள்ளேயே காந்தத்தை வைத்துப் பொறி எழுப்பும் மேக்னட்டோவைச் செய்தார்கள். 1931இல் அதே ஊரில் மார்ஸ்டன் பெயரிலேயே ஒரு படகு மோட்டார் வந்தது, மார்ஸ்டன் சீகல். பிறகு கடலோர ஊரான பூலுக்கு இடம் மாறி பிரிட்டிஷ் சீகல் ஆனது. இரண்டாம் உலகப் போரில் படைகளைத் தண்ணீர் கடத்தும் சிறு படகுகளுக்கு இதைத்தான் வாங்கினார்கள். நீண்ட காலம் சீகல் மோட்டாரின் தலையில் வில்லியர்ஸ் மேக்னட்டோ உட்கார்ந்திருந்தது. சென்னையில் என்ஃபீல்டு கம்பெனி உரிமம் வாங்கிச் செய்ததும் அதே வில்லியர்ஸ் இன்ஜின்களைத்தான்.

அதாவது, எங்கள் சோளக்கொல்லைக்குத் தண்ணீர் இறைத்த இன்ஜினும் இந்தப் படகு மோட்டாரும் ஒரே தெருப் பிள்ளைகள். நான் மூன்று மணி நேரம் படித்துக் கண்டுபிடித்ததை அவர் ஒரு தடவலில் கண்டுபிடித்திருந்தார்.

சரி, அவுட்போர்டு என்ற பொருளே எப்படி வந்தது? ஓலே எவின்ரூட் என்பவரின் கதையைச் சொல்லாமல் யாரும் இதைத் தாண்டுவதில்லை. நார்வேயில் 1877இல் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் போன விவசாயக் குடும்பத்துப் பையன். ஒரு கோடை நாளில் காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாராம். இவர் ஏரியில் துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம். அதனால்தான் மோட்டார். அவருக்கு முன்பே கேமரூன் வாட்டர்மேன் என்ற சட்டக் கல்லூரி மாணவர் படகில் மாட்டும் மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார் என்பதால், ஐஸ்கிரீமுக்கு இவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் 1909இல் எவின்ரூட் விற்கத் தொடங்கிய ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரின் வடிவம் அப்படியே நிலைத்தது. படுக்கையாக ஒரு சிலிண்டர், செங்குத்தாக ஒரு தண்டு, கீழே பற்சக்கரப் பெட்டி, அதில் விசிறி. கடிதம் எழுதி, விளம்பரம் எழுதி, வியாபாரத்தை நடத்தியவர் பெஸ். கதைகளில் அவருக்கு ஐஸ்கிரீம்தான் மிஞ்சியது.

அந்த மோட்டாரின் உண்மையான புதுமை வேகம் அல்ல. கழற்றலாம் என்பதுதான். அதுவரை படகு இன்ஜின் என்றால் படகின் வயிற்றில் போல்ட் போட்டு இறுக்கியது. படகும் இன்ஜினும் சேர்ந்தே கிழடாகும். இது இரண்டு திருகைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, திண்ணையில் சாக்கை விரித்துப் பிரித்துப் போடலாம். ‘வீட்டில் வைத்துப் பழுது பார்ப்பது’ இந்த மோட்டாரின் ரசிகர்கள் பின்னால் கண்டுபிடித்த பொழுதுபோக்கு இல்லை. பிறக்கும்போதே அதோடு பிறந்தது.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி விட்டுவிடச் சொன்னார் பெரியப்பா. மூன்றாம் நாள் நான் ஸ்பானரோடு போனபோது, “அதுக்கு அவசரமில்ல. உனக்குத்தான் அவசரம்” என்றார். ஒன்பதாம் நாள் ஃபிளைவீல் ஒரு நூல் அளவு நகர்ந்தது. ஹெட்டின் போல்ட் ஒன்று வரவே இல்லை. ஊதுவிளக்கில் அதைச் சூடேற்றி, மெழுகுவர்த்தியைத் தொட்டார். உருகிய மெழுகு மறையின் இடுக்கில் இறங்கியது. ஆறியதும் வெண்ணெய் மாதிரி வந்தது. நான் அன்று காலைதான் வெளிநாட்டுத் துருநீக்கி ஒன்றை எழுநூறு ரூபாய்க்கு ஆர்டர் போட்டிருந்தேன்.

ஹெட்டைத் தூக்கியதும் அடியில் ஒன்றுக்கு இரண்டு கேஸ்கட் இருந்தன.

ஒன்று கம்பெனிப் பொருள். மற்றொன்று செம்புத் தகட்டில் கையால் வெட்டியது. தகட்டை சிலிண்டர் மேல் வைத்து, உருண்டை முனைச் சுத்தியலால் விளிம்பு முழுக்கத் தட்டித் தட்டி எடுத்த தடம் தெளிவாகத் தெரிந்தது. நான் அதை யாரோ பழைய கேஸ்கட் ஒழுகியதற்குப் போட்ட ஒட்டுவேலை என்று நினைத்தேன். கழற்றித் தூர வைத்துவிட்டு, புதிதாக ஒன்று வரவழைத்து, தொழிற்சாலையில் இருந்தபடியே மாட்டிவிடலாம் என்பது என் திட்டம். பழம்பொருளை மீட்கிறவர்கள் எல்லோரும் சொல்வது அதுதானே, மூல நிலைக்குக் கொண்டுவா.

பெரியப்பா அந்தத் தகட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு டேங்க்கைத் தாங்கும் பட்டையைக் கேட்டார். அதில் ஓரமாக ஈயப்பற்று வைத்த அடையாளம் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு இருந்தது. நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை.

“இங்க ஒரு சின்ன டப்பா இருந்திருக்கு. அதுல பெட்ரோலு. பெரிய டேங்க்குல மண்ணெண்ண. எவனோ இத சீமெண்ணைல ஓட்டியிருக்கான்டா.”

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இன்ஜினில் அது துளியாகவே கிடக்கும், பிடிக்காது. அதனால் பெட்ரோலில் எழுப்பிச் சூடாக்கி, பிறகு மாற்ற வேண்டும். சூடான பிறகு வேறு ஒரு தொல்லை. அழுத்தம் அதிகமானால் மண்ணெண்ணெய் பொறிக்குக் காத்திருக்காமல் தானே வெடிக்கும். இன்ஜின் உள்ளே சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வரும், பிஸ்டன் ஓட்டையாகும். வழி என்ன? சிலிண்டர் தலையைக் கொஞ்சம் உயர்த்தி, உள்ளே இடத்தைக் கூட்டி, அழுத்தத்தைக் குறைப்பது. அதற்கு மிக மலிவான வழி இன்னொரு கேஸ்கட். கம்பெனிக்காரர்கள் மண்ணெண்ணெய் மாடல் என்று தனியாக வடிவமைத்துச் செய்த அதே காரியத்தை, ஒருவர் ஒரு செம்புத் தகட்டாலும் சுத்தியலாலும் செய்திருக்கிறார்.

பழைய மென்பொருளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. பதினைந்து வருடப் பழைய கோடில் காரணமே தெரியாத ஒரு வரி இருக்கும். கமெண்ட் இருக்காது, எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். தேவையில்லை என்று நினைத்து அழிப்போம். மூன்றாம் மாதம் இரவு இரண்டு மணிக்கு போன் வரும். நான் அப்படி ஒரு வரியை அழித்து, ஒரு வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியலையே கவிழ்த்தவன். அப்படியிருந்தும் இந்தக் கேஸ்கட்டை அழிக்கப் பார்த்தேன்.

யார் இதைச் செய்திருப்பார், எந்தக் கரையில்? சீகல் மாதிரி இரண்டு மூன்று குதிரைத்திறன் மோட்டார் நம் மீனவர்களின் முக்கிய இன்ஜின் ஆனதில்லை. அது உப்பங்கழிக்கும் துறைமுகத்துக்குள் ஓடும் தோணிக்கும் உரியது. தமிழகக் கிழக்குக் கரையில் அவுட்போர்டு பரவாததற்கு இன்னும் எளிமையான ஒரு காரணம் உண்டு. மாட்ட இடமில்லை. கட்டுமரம் என்பது பலகைப் படகு இல்லை. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் கட்டியது. கரை வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப் போடுவார்கள். அதற்குப் பின்பலகை என்று ஒன்றே கிடையாது. விஸ்கான்சின் ஏரிப் படகை மனதில் வைத்துச் செய்த மோட்டார், தொண்டி முதல் சென்னை வரை இருந்த கட்டுமரத்தின் முன் வந்து நின்றபோது இரண்டுக்கும் பேச்சே இல்லை.

1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஒப்பந்தம் போட்டு, அடுத்த ஆண்டு கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ–நார்வே மீன்வளத் திட்டத்தைத் தொடங்கின. உள்ளூர் வள்ளங்களுக்கு மோட்டார் வைத்து உதவுவதுதான் முதல் யோசனை. அது சரிப்பட்டு வரவில்லை. புதிய வகைப் படகுகளை வடிவமைத்து, உள்ளே டீசல் இன்ஜினைப் பொருத்தினார்கள். இறால் ஏற்றுமதிப் பொருளானது. சில வருடங்களில் உதவித் திட்டம் இழுவைப் படகுகளின் காலமாக மாறியது. கடனும் மானியமும் இன்ஜின் படகு வைத்திருப்பவருக்குப் போயின. கரையோரக் கடலை இழுவை மடி உழுதபோது, துடுப்பும் பாயும் வைத்திருந்தவருக்கு மீன் தூரப் போனது. எழுபதுகளின் கடைசியில் இரு தரப்பும் கடலில் மோதிக்கொண்டன. உயிர்கள் போயின. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து மூன்று கடல் மைல் சிறு படகுக்காரருக்கு என்றது. அந்தக் கோட்டை மதிக்க வைப்பது வேறு வேலை.

இந்தச் சூழலில்தான், எண்பதுகளில், கேரளத்திலும் கன்னியாகுமரியின் மேற்குக் கரையிலும் வள்ளக்காரர்கள் அவுட்போர்டு வாங்கினார்கள். வசதிக்காக அல்ல. வாங்காமல் இருக்க முடியாமல் போனதால். யமஹா, சுசுகி என்று ஜப்பானிய மோட்டார்கள், மண்ணெண்ணெயில் ஓடக்கூடியவை. ரேஷனில் மானியத்தோடு வந்த அடுப்பெண்ணெய்தான் ஏழைக்கு எட்டிய எரிபொருள் என்று ஜப்பான்காரருக்குப் புரிந்திருந்தது. ஏழு குதிரைத்திறனில் தொடங்கிய போட்டி இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் போயிற்று. ஒரே வள்ளத்தில் இரண்டு மூன்று மோட்டார்கள். உப்புக் காற்றில் மோட்டாரின் ஆயுள் குறைவு. ஒன்றின் கடன் முடிவதற்குள் அடுத்தது வாங்க வேண்டும். மீனவரின் வருமானத்தில் மண்ணெண்ணெய் ஒரு கூட்டாளியாகவே உட்கார்ந்துகொண்டது. கிழக்குக் கரை வேறு வழியில் போனது. அங்கே ஃபைபர் படகும், நீண்ட தண்டின் முனையில் விசிறி வைத்த சிறு டீசல் இன்ஜினும் பரவின. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தைப் பெரும்பாலும் கரையேற்றிவிட்டன.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் கதை இன்னும் முன்னால் தொடங்குகிறது. இலங்கையில் அறுபதுகளின் கடைசியிலிருந்தே கண்ணாடியிழைப் படகும் அவுட்போர்டும் சேர்ந்து பரவின. 1967இல் நார்வே உதவியோடு காரைநகரில் சீநோர் என்ற நிறுவனம் தொடங்கி, படகு கட்டியது. யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் இன்றும் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று எழுதுவார்கள். நாம் அவுட்போர்டு என்று விட்டுவிட்டதற்கு அவர்களிடம் ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. போர்க்காலத்தில் அந்த இயந்திரமே சந்தேகத்துக்குரிய பொருளானது. எத்தனை குதிரைத்திறன் வரை வைத்திருக்கலாம் என்று கட்டுப்பாடு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரிதாகி, யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் காரும்கூட மண்ணெண்ணெயில் ஓடின. சில துளிப் பெற்றோலை கார்புரேட்டருக்குக் காட்டி எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய். குன்னத்துக் கிணற்று மேட்டில் பெரியப்பா செய்த அதே சடங்கு. அங்கிருந்து அகதியாக வந்த நண்பரின் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “தம்பி, அந்த வாசம் இண்டைக்கும் எனக்கு மூக்கில நிக்குது” என்றார்.

என் மோட்டார் அக்கரையில் ஓடியதா, இக்கரையிலா, அல்லது யாரோ ஓர் அதிகாரியின் படகுப் பொழுதுபோக்காக வந்து கைமாறியதா என்பதைச் செம்புத் தகடு சொல்லாது. அதைத் தட்டியவருக்கு அழுத்தம் பற்றித் தெரிந்திருந்தது. அதுவரை சொல்கிறது. கடையில் வாங்கக் காசோ வழியோ இல்லாமல் இருந்தது. அதையும் சொல்கிறது.

ஆகவே இரண்டு கேஸ்கட்டும் திரும்ப உள்ளே போயின. கம்பெனிப் பொருள் பிய்ந்துபோயிருந்ததால் அதற்கு மட்டும் புதியது. செம்புத் தகட்டை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்தார் பெரியப்பா. இரும்பு இப்படிச் செய்தால் கெட்டிப்படும். செம்பு இளகும். இளகினால்தான் மறுபடி அழுந்தி அடைக்கும். நான் பொறியியல் கல்லூரியில் இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்னட்டோவில் கண்டென்சர் செத்திருந்தது. பழைய ஸ்கூட்டர் ஒன்றின் கண்டென்சரை வெளியே ஒரு கிளிப் வைத்து மாட்டினோம். பாயிண்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தபின் இடைவெளி வைக்க, பெரியப்பா தன் பழைய தகரப் பெட்டியிலிருந்து ஓரம் தேய்த்த ஹேக்ஸா பிளேடுத் துண்டு ஒன்றை எடுத்தார். என் ஃபீலர் கேஜில் அளந்தேன், அரை மில்லிமீட்டர். புத்தகத்தில் போட்டிருப்பதும் அதுதான். கியர் பெட்டியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து மோர் மாதிரி இருந்தது. சீகலின் கியர் பெட்டியில் முறையான சீல் கிடையாது. கொஞ்சம் எண்ணெய் வெளியே போகும், கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், 140 நம்பர் ஆயிலை அவ்வப்போது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்பது செய்தவர்களின் கொள்கை. வெண்கல புஷ் இரண்டை பெரம்பலூர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். விசிறிக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு சுருள் கம்பி உண்டு. விசிறி கல்லில் அடித்தால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். அது உடைந்திருந்தது. இன்னும் மாற்றவில்லை.

இந்த மோட்டாரின் குலமே இப்போது முடிந்துவிட்டது. சீகல் தயாரிப்பு 1996இல் நின்றது. பழைய சீகலுக்குப் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு நூறு மில்லி. அதில் ஒரு பகுதி எரியாமல் தண்ணீரில்தான் மிதக்கும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பு 1996இல் கொண்டுவந்த விதிகளால் அங்கே பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் ஒழிந்தன. அதே வகை மோட்டார்களை ஏழை நாடுகளுக்கு மட்டும் தொடர்ந்து விற்றார்கள். எவின்ரூட்டின் வாரிசுக் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலாகி, வேறு கைக்குப் போய், 2020இல் அந்தப் பெயரில் மோட்டார் செய்வதே நின்றது. ஐஸ்கிரீம் கதை மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மிதக்கும் எண்ணெயால்தான் நான் இதை ஏரிக்குக் கொண்டுபோகவில்லை. கரைவெட்டி ஏரியில் ஓட்டிப் பார்க்கலாமா என்று ஒரு நண்பன் கேட்டான். அது பறவைகள் சரணாலயம். பக்கத்து ஊர் ஏரியில் மீன் குத்தகைக்காரரிடம் பரிசல்தான் இருக்கிறது. வட்டப் பரிசலில் மோட்டாரை மாட்டினால் அது உட்கார்ந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும்.

எனவே இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம். விளிம்பில் ஒரு பலகையைக் கட்டி, விசிறியைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மாட்டினோம். டப்பாவுக்குப் பதில் ஒரு மருந்து பாட்டிலும் டிரிப் ஏற்றும் குழாயும். மண்ணெண்ணெய்தான் கிடைக்கவில்லை. அடுப்பு எல்லாம் கேஸாகி, ரேஷனிலும் வரத்துக் குறைந்து, ஒரு காலத்தில் தெருவெல்லாம் மணத்த பொருளுக்கு நான்கு நாள் அலைந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு ஆயா, பரணில் ஒரு பாட்டிலில் இருந்ததைக் கொடுத்தார். “ஊர்ல கரண்டு போனா விளக்குக்கு ஆவும்னு வெச்சிருந்தேன். திருப்பிக் குடுத்துரணும்.”

ஃபிளைவீலில் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். பதினோரு முறை. என் தோள் விட்டுப்போன பிறகு பெரியப்பா பிளக்கைக் கழற்றி, துடைத்து, பீடி நெருப்பில் காட்டி மாட்டினார். பதிமூன்றாவது இழுப்பில் பிடித்தது. மூடியே இல்லாத சக்கரம் கண்முன் சுற்ற, வெள்ளைப் புகை முருங்கை மரம் வரைக்கும் போனது. கோழிகள் சிதறி ஓடின. தண்ணீர் மேலேறி, குளிர்விக்கும் குழாய் வழியாகத் திரும்ப டிரம்முக்குள் பீய்ச்சியது. ஐந்து நிமிடம் கழித்து அவர் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்து மற்றதை மூடினேன். ஒரு கணம் தடுமாறியது. பிறகு சத்தம் தாழ்ந்து, கனத்து, வேறு மாதிரி ஓடத் தொடங்கியது. உள்ளே அடிக்கும் சத்தம் இல்லை. செம்புத் தகடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தெருவில் சைக்கிளில் போன ஒரு பெரியவர் நின்று, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “என்னாப்பா, வில்லியர்ஸ் ஓடுது? கெணத்துல தண்ணி இருக்கா?”

பெரியப்பா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “பெட்ரோலுக்கு மாத்திட்டு நிறுத்து. கார்புரேட்டர்ல சீமெண்ண நின்னா நாளைக்கிப் புடிக்காது” என்றார். மாற்றி, அரை நிமிடம் விட்டு, நிறுத்தினேன். டிரம்மின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் படர்ந்து நின்றது. அதைச் சாக்கடையில் ஊற்ற அம்மா விடவில்லை. மர வாடியிலிருந்து இரண்டு சாக்கு இழைப்புத் தூள் வாங்கிவந்து கொட்டி, இருட்டும் வரை அள்ளிக்கொண்டிருந்தோம்.